சாப்பிட்ட பிறகும் பசிக்கிறதா? குடலுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்

மதியம் பன்னிரண்டரைக்குச் சிங்கப்பூர்த் தேக்கா உணவங்காடியில் இடம் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்து உட்கார்ந்ததும் தட்டை ஏந்திக்கொண்டு ஒருவர் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார், அதனால் எட்டே நிமிடத்தில் பிரியாணியை முடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். வயிறு கனமாக இருக்கும். ஆனாலும் மனசு நிறையாது, போகிற வழியில் ஒரு தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்), ஒரு வடை. பல வருடம் இதை நாக்கின் ஆசை என்றே நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். "போதும்" என்ற செய்தி குடலிலிருந்து அப்போதுதான் கிளம்பியிருக்கும் என்பது பின்னால் படித்துத்தான் தெரிந்தது.

அந்தச் செய்தியைக் கொண்டுபோவது ஹார்மோன்கள். பசியைக் கிளப்புவது கிரெலின். 1999ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள், பெரும்பாலும் வயிற்றின் மேல்பகுதியில் சுரக்கிறது, சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். பசியை அடக்குகிற பக்கத்தில் முக்கியமானவை மூன்று. கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் ஆரம்பத்துக்கு வந்ததும் சிசிகே சுரக்கும். ஜிஎல்பி-1, பிஒய்ஒய் இரண்டும் அதிகமாகச் சுரப்பது குடலின் கடைசிப் பகுதிகளில். இவை வயிறு காலியாவதை மெதுவாக்கி, மூளைக்குப் "போதும்" என்கின்றன. இதில் ஒரு விஷயம்: ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடத்துக்குள் பாதி சிதைந்துவிடும். ஒரே மூச்சில் அள்ளிப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் போதாது, தொடர்ந்து சுரந்துகொண்டே இருக்க வேண்டும்.

அதனால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு சாப்பாட்டை இருபது நிமிடமாவது இழுங்கள். ஏதென்ஸில் 17 ஆண்களுக்கு ஒரே அளவு ஐஸ்கிரீமை, 300 மில்லி, ஒருநாள் ஐந்து நிமிடத்திலும் இன்னொரு நாள் அரை மணி நேரத்திலும் சாப்பிடக் கொடுத்துப் பார்த்தார்கள். மெதுவாகச் சாப்பிட்ட நாளில்தான் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் இரண்டும் கூடுதலாக ஏறின. கையால் சாப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாயில் இருப்பது இறங்கும்வரை அடுத்த கவளத்தைப் பிசையாதீர்கள், விரல்கள் இலையில் சும்மா கிடக்கட்டும். கூட்டம்தான் பிரச்சினை என்றால் பதினொன்றரைக்கே போய்விடுங்கள், இல்லை ஒன்றரைக்கு மேல் போங்கள்.

அப்புறம் வரிசை. வாழையிலைச் சாப்பாட்டில் சோறு நடுவில் மலைபோல் இருக்கிறது, கை தானாக அங்கேதான் போகிறது. அதற்கு முன்னால் ஓரத்தில் இருக்கிற கீரை, கோஸ் பொரியல், மீன் துண்டு இவற்றில் பாதியையாவது முடியுங்கள். சாம்பாரில் கிடக்கிற கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் ஒதுக்காதீர்கள். காய்கறியும் புரதமும் முன்னால் போனால் வயிறு மெதுவாகக் காலியாகிறது, ஜிஎல்பி-1 கூடுகிறது, பின்னால் வருகிற சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் சட்டென்று எகிறுவதில்லை. நம் வழக்கமான பருப்பும் நெய்யும் முதலில் வருவதை விட்டுவிடச் சொல்லவில்லை, இரண்டு கரண்டி பருப்பைச் சோறில்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள், அது போதும். பரோட்டா நாளில் இது கொஞ்சம் கஷ்டம். கூடவே ஒரு முட்டை வாங்கி, அதை முதலில் முடித்துவிடுங்கள்.

குடிப்பதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். சர்க்கரைத் தண்ணீராக உள்ளே போகிற கலோரி, மெல்லுகிற சாப்பாடு அளவுக்கு நிறைவைத் தராது. பாட்டில், டின் பானங்களுக்குச் சர்க்கரையையும் நிறைகொழுப்பையும் வைத்து ஏ முதல் டி வரை தரம் போடுகிற நியூட்ரி-கிரேடு முறை (சி, டி தரத்துக்கு முத்திரை கட்டாயம்) இங்கே 2022 டிசம்பர் 30 முதல் நடப்பில் இருக்கிறது, அடுத்த வருடக் கடைசியில் கடையில் கலக்குகிற பானங்களுக்கும் வந்துவிட்டது. கோப்பிக்கடையில் முதலில் "சியூ தாய்" (இனிப்புக் குறைவாக) கேளுங்கள், பழகினதும் "தே ஓ கோசோங்" (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) போங்கள். என் நாக்கு பழக மூன்று வாரம் ஆனது.

தூக்கம். ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள் இதைத் தாண்டிப் போக வேண்டாம். 2004ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 12 இளைஞர்களை இரண்டே இரவு, நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். பத்து மணி நேரம் படுத்திருந்த நாட்களோடு ஒப்பிட்டால் கிரெலின் 28 சதவீதம் கூடுதல், கொழுப்புத் திசுவிலிருந்து வந்து பசியை அடக்குகிற லெப்டின் 18 சதவீதம் குறைவு. இரவு வேலை முடித்து வருகிற காலையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) இரண்டு பொட்டலம் கேட்பது அந்தக் கிரெலின் வேலையாகவும் இருக்கலாம். முதலில் தூங்குங்கள், முழுச் சாப்பாட்டை எழுந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் வலித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஒருமுறை ஒன்பது கிலோ குறைத்தேன், ஒரு வருடத்தில் ஏழு கிலோ திரும்பிவிட்டது. பார்க்கப்போன மருத்துவர் ஒருவர் "உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று முடித்துவிட்டார். 2011ல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொல்வது வேறு: பத்து வாரம் கடுமையாக உணவைக் குறைத்து எடை இறங்கியவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை, பசியும் கூடுதலாகவே இருந்தது. எடை குறைக்கத் திட்டம் போடும்போதே, குறைந்த பிறகு வரும் ஒரு வருடத்துக்கும் சேர்த்துப் போடுங்கள். அந்த வருடம்தான் புரதமும் காய்கறியும் நடையும் அதிகம் வேண்டிய வருடம்.

எடை குறைக்க இப்போது எல்லோரும் கேட்கிற ஊசி, செமாகுளுடைடு, ஜிஎல்பி-1ஐப் போலவே வேலை செய்வது, ஆனால் உடம்பில் அதன் அளவு பாதியாகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்படி செய்யப்பட்டது. பலன் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய ஆய்வில் நிறுத்தியவர்களுக்கு, ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்து மட்டுமே வாங்குங்கள், டெலிகிராமில் விற்கிறவர்களிடம் வேண்டவே வேண்டாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்கள் சோற்றைக் குறைப்பதற்கு முன்பே பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், சர்க்கரை திடீரென்று இறங்கினால் ஆபத்து.

எல்லாவற்றையும் நாளைக்கே தொடங்காதீர்கள். மதியச் சாப்பாட்டில் கடிகாரமும் வரிசையும் மட்டும் இரண்டு வாரம், மூன்று மணி ஆகும்போது எவ்வளவு பசிக்கிறது என்று தினமும் போனில் ஒரு வரி எழுதி வையுங்கள்.