கீறலைக் கையால் தேய்த்து நீக்கிய பின் கார் பெயின்ட் மங்கித் தெரிந்தால் என்ன செய்வது?

கதவிலோ பானெட்டிலோ இருந்த கீறலை ரப்பிங் காம்பவுண்ட் எனும் அரைப்புப் பசை போட்டுக் கையால் தேய்த்து எடுத்த பிறகு, கீறல் போய், அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய மங்கல் ஒன்று நிற்பதைப் பலரும் காண்கிறார்கள். பெயின்ட் கெட்டுவிட்டது என்று பதறி அதே காம்பவுண்டை மேலும் அழுத்தித் தேய்ப்பவர்களும் உண்டு, வாக்ஸைப் பூசி மறைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. முதலாவது மங்கலைப் பெரிதாக்கும். இரண்டாவது சில முறை கழுவும்வரை மட்டுமே தாங்கும். பெரும்பாலான நேரங்களில் இந்த மங்கல் புதிய சேதம் அன்று, பாதியில் நின்றுபோன வேலையே ஆகும்.

காம்பவுண்ட் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பரப்பைச் சிறிது சிறிதாக அரைத்து, கீறலின் அடிமட்டத்தை நோக்கி இறக்குகிறது. அப்படி அரைக்கும் துகள்கள் தம் பங்குக்கு ஆயிரக்கணக்கான நுண்கீறல்களை விட்டுச் செல்கின்றன. அவை தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், விழும் ஒளியை ஒரே திசையில் திருப்பாமல் சிதறடிப்பதால் பரப்பு பால் படிந்ததுபோல் தோன்றுகிறது. கறுப்பு, அடர் நீலம் போன்ற நிறங்களில் இது பளிச்சென்று தெரியும். வெள்ளையிலும் வெள்ளி நிறத்திலும் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே ஒரு படி நுண்மையான பொருளால் அந்த நுண்கீறல்களை நீக்குவதே தீர்வு.

முதலில் மங்கலின் காரணத்தை அறியுங்கள்

இன்றைய கார்களில் பெரும்பாலும் பிரைமர் எனும் அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், அதற்கும் மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு என அடுக்குகள் இருக்கும். நீங்கள் தேய்ப்பது இந்தக் கிளியர் கோட்டைத்தான். பொதுவாக அதன் தடிமன் 35 முதல் 50 மைக்ரான். எழுதும் தாள் ஒன்றின் தடிமனில் ஏறத்தாழப் பாதி. எனவே எதையும் தொடங்குமுன் அது இன்னும் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மங்கிய இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, அதன் மேல் சிறிது தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் மங்கல் மறைந்து, உலர்ந்ததும் திரும்பி வந்தால், பழுது மேற்பரப்பில்தான் உள்ளது என்று கொள்ளலாம்; நுண்கீறல்களைத் தண்ணீர் தற்காலிகமாக நிரப்புவதால் அப்படித் தெரிகிறது. ஈரத்திலும் வெண்திட்டாகவே நின்றாலோ, திட்டின் ஓரத்தில் தீவின் கரைபோல் ஒரு விளிம்பு தெரிந்தாலோ, கிளியர் கோட் தேய்ந்துபோயிருக்கலாம் அல்லது உரிந்துகொண்டிருக்கலாம். அதற்குப் பாலிஷ் மருந்தாகாது, மறுபூச்சுதான் வழி. தேய்த்த துணியில் காரின் நிறம் ஏறியிருந்தாலும் நிறுத்திவிடுங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்ட்டில் நிறம் ஏறுவது இயல்பு. மற்றவற்றில் அது நிற அடுக்கைத் தொட்டுவிட்டதன் அறிகுறி.

மேட் எனப்படும் பளபளப்பற்ற பூச்சு உள்ள கார்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அவற்றைப் பாலிஷ் செய்தால் ஆங்காங்கே பளபளப்பு வந்து நிலைத்துவிடும்; அதைத் திரும்ப மங்கவைக்க இயலாது.

பரப்பைத் தயார்செய்தல்

காரை நிழலில் நிறுத்தி, உலோகம் தொடுவதற்குக் குளிர்ச்சியாகும்வரை காத்திருங்கள். வெயிலில் பாலிஷ் விரைவில் காய்ந்து புதிய கோடுகளை இடும். கார் ஷாம்பூவால் கழுவி உலர்த்திய பின், ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நான்கைந்து பங்கு தண்ணீர் கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து மங்கிய இடத்தைத் துடையுங்கள். சில வேளைகளில் மங்கல் இத்துடனேயே போய்விடும். காய்ந்த காம்பவுண்டின் எச்சம்தான் அப்படித் தெரிந்திருக்கும். போகாவிட்டால், அருகிலுள்ள பிளாஸ்டிக் பட்டைகளையும் உலோகத்தின் கூர்விளிம்புகளையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். விளிம்புகளில் பெயின்ட் மெல்லியதாக இருப்பதால் அங்கேதான் முதலில் தேய்ந்துபோகும்.

நுண்பாலிஷ் போடுதல்

இப்போது தேவைப்படுவது காம்பவுண்ட் அன்று, ஃபினிஷிங் பாலிஷ் என்று விற்கப்படும் நுண்துகள் பாலிஷ். அதோடு பாலிஷைத் தேய்க்க மென்மையான ஃபோம் அப்ளிகேட்டர் (பஞ்சுத் திண்டு) ஒன்றும் வேண்டும். துணியை விரல்நுனியால் அழுத்தித் தேய்ப்பதே பல மங்கல்களுக்கு மூலம் என்பது என் கருத்து. விரல் பட்ட இடங்களில் மட்டும் அழுத்தம் குவிந்து பரப்பு சீரற்றுப்போகிறது. தட்டையான ஃபோம் அழுத்தத்தைப் பரப்பிவிடும். முன்பு காம்பவுண்டுக்குப் பயன்படுத்திய ஃபோமை எவ்வளவு கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள். அதனுள் தங்கிய ஒரு பெருந்துகள் போதும், உழைப்பு வீணாகிவிடும்.

மங்கலின் ஓர் ஓரத்தில் ஒரு சிறு இடத்தை மட்டும் முதலில் சோதித்துப் பாருங்கள். பட்டாணி அளவில் மூன்று சொட்டுப் பாலிஷை ஃபோமில் இட்டு, இடவலமாக ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி நேர்கோடுகளாகத் தேய்த்து, பிறகு அதே இடத்தில் மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். நேர்கோட்டில் தேய்த்தால், மிஞ்சும் கீறல் எந்த ஓட்டத்தில் வந்தது என்று பிறகு கண்டுபிடிக்கலாம்; வட்டமாகச் சுழற்றினால் அந்த வசதி இல்லை.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறுகிறார்கள். சில பாலிஷ்களின் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுண்மையாகும்; அவை உடையுமுன் துடைத்துவிட்டால் பெருந்துகள் இட்ட மங்கல் அப்படியே நிற்கும். ஆகவே மிதமான அழுத்தத்தில் தொடங்கி, பாலிஷ் மெல்லிய, ஏறத்தாழ ஒளி ஊடுருவும் படலமாகும்வரை தேய்த்து, கடைசிச் சில ஓட்டங்களைக் கையின் கனம் மட்டும் படும்படி முடியுங்கள். படலம் முழுதும் காய்ந்து தூள் பறக்கும் நிலைக்கு விடாதீர்கள். அப்படித் தேய்ப்பதும் மங்கலைத்தான் தரும்.

பிறகு சுத்தமான மைக்ரோஃபைபரால் மெதுவாகத் துடைத்து, மீண்டும் ஆல்கஹால் கலவையால் துடையுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் நுண்கீறல்களை மூடிவைத்திருக்கும் என்பதால், இந்தத் துடைப்புக்குப் பின் தெரிவதே உண்மையான நிலை. டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, ஒளிவட்டத்தின் ஓரம் கூர்மையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கூர்மையானால் மீதி இடத்துக்கும் இதையே செய்யலாம். ஓரளவு தெளிந்திருந்தால் இன்னும் இரண்டொரு முறை செய்து பாருங்கள். சிறிதும் மாறவில்லை என்றால், கீழே கிடப்பது நுண்பாலிஷ் எட்டாத ஆழமுள்ள கீறல்கள்.

உப்புத்தாள் போட்டிருந்தால்

கீறலை எடுக்க 1500 அல்லது 2000 கிரிட் உப்புத்தாள் பயன்படுத்தியிருந்தால், அதன் தடங்களை ஃபினிஷிங் பாலிஷ் தனியாகக் களையாது. கிரிட் எண் கூடக் கூடத் தாள் நுண்மையானது; 1500 போட்ட இடத்தில் 2000, பின்னர் 3000 எனப் போங்கள். 2000 போட்டிருந்தால் நேராக 3000. தாளைத் தட்டையான ரப்பர்க் கட்டையில் சுற்றி, சோப்பு கலந்த தண்ணீரால் நனைத்தபடி, முந்தைய தாளின் திசைக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். பழைய திசைக் கோடுகள் மறைந்த கணமே நிறுத்திவிடுங்கள். அதன்பின் காம்பவுண்ட், அதன்பின் நுண்பாலிஷ். பற்பசை போதும் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கிறது. அதன் துகள் எந்த அளவில் இருக்கும் என்று எந்தக் குழாயிலும் எழுதியிருப்பதில்லை, ஆகவே அதை ஒதுக்கிவிடுங்கள்.

கதவின் ஒரு திட்டுக்குக் கை போதும். பானெட் முழுதும் மங்கியிருந்தாலோ, கிளியர் கோட் கடினமானதாக இருந்தாலோ, டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் எனும் இயந்திரமே ஏற்றது. சுழன்றுகொண்டே அசைவதால் அது ஒரே இடத்தைச் சூடாக்குவது குறைவு. மென்மையான ஃபோம் பேட், நடுத்தர வேகம், மெதுவான கை நகர்வு என்று வைத்துக்கொண்டால் தொடக்கநிலையினரும் கையாளலாம்.

மங்கல் நீங்கியதை ஆல்கஹால் துடைப்பால் உறுதிசெய்த பிறகே வாக்ஸோ சீலன்ட் எனும் பாதுகாப்புப் பூச்சோ பூசுங்கள். அண்மையில் மறுபூச்சு செய்த பகுதியாக இருந்தால், பூச்சு முழுதும் இறுகும்வரை வாக்ஸ் போடக்கூடாது. எவ்வளவு காலம் என்பதைப் பூச்சு வேலை செய்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.