பிரண்டை அரிக்காமல் இருக்க

வேலியில் படரும் பிரண்டையைப் பறிக்கும்போது நுனியில் உள்ள இளந்தண்டை மட்டும் எடுங்கள். முற்றியது நாராகத்தான் இருக்கும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை வெட்டி எறிந்து, நாலு ஓரத்து நாரையும் உரியுங்கள். அரிப்புக்குக் காரணம் தண்டிலுள்ள கால்சியம் ஆக்சலேட் என்னும் நுண்ணிய உப்புப் படிகங்கள். அதனால் நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை நிதானமாக வதக்க வேண்டும். அவசரப்பட்டால் தொண்டை சொல்லும்! அப்புறம் உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி சேர்த்துத் துவையல். புளியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பசியின்மை, வாயுத் தொல்லைக்கு இது பழைய வீட்டு வைத்தியம். எலும்பு முறிவுக்குப் பற்றும் போடுவார்கள். ஆனால் எலும்பு முறிந்தால் முதலில் மருத்துவமனைதான். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

செடி வேண்டுமா? கணுவோடு ஒரு துண்டைத் தொட்டியில் ஊன்றினால் போதும்.