ஹக்கா மொழிப் பாடல்களைக் கேட்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹக்கா என்றதும் நம்மில் பலருக்கு நூடுல்ஸ்தான் நினைவுக்கு வரும். கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்களை ஒட்டி நம் உணவகங்களுக்கு வந்த பெயர் அது. அவர்களுடைய தாய்மொழியில் தைவானிலும் தென்சீனத்திலும் இன்று உருவாகும் பாடல்களைத் தேடிக் கேட்பவர்கள், அம்மொழியை மாண்டரினின் கொச்சை வடிவமாக எண்ணிக்கொள்வது முதல் தவறு. ‘நான்’ என்பதற்கு மாண்டரினில் ‘வோ’, ஹக்காவில் ‘ஙாய்’. இதயத்தைக் குறிக்கும் சொல் மாண்டரினில் ‘ஷின்’ ஆகிவிட, ஹக்கா பழைய மகர ஈற்றைக் காத்து ‘சிம்’ என்கிறது. ஆகவே, பாடல் வரிகளின் சீன எழுத்துகளை மாண்டரின் ஒலிப்பில் படித்துக்கொண்டே கேட்டால், பாடலாசிரியர் அமைத்த இயைபுத் தொடை நம் காதுக்கு எட்டாது.

ஹக்கா எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஒலிப்பதும் இல்லை. தைவானில் பெரிதும் பேசப்படும் இரு வழக்குகளில் சிசியனுக்கு 6 தொனிகள் (சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள்), ஹைலுவுக்கு 7. சிசியனில் தாழ்ந்து ஒலிக்கும் பல சொற்கள் ஹைலுவில் உயர்ந்து ஒலிக்கும். ஒரு வழக்கைக் கேட்டுப் பழகிய காதுடன் மற்றதைப் பாடுபவரின் உச்சரிப்பைப் பிழை என்று சொல்லிவிடக் கூடாது.

என் பார்வையில் இவற்றைவிடப் பெரிய தவறு, இந்த இசையை மலைப்பாட்டு மரபின் மிச்சமாக மட்டும் கேட்பது. தெற்குத் தைவானின் மெய்னோங் புகையிலை விளைந்த ஊர். ஹக்கா மக்களின் ஊர். அங்கே அணை கட்டும் திட்டத்தை ஊரார் எதிர்த்தபோது, லின் ஷெங்-ஷியாங் பாட, ஜோங் யுங்-ஃபெங் பாடல் எழுத, அந்தப் போராட்டத்துக்குள்ளிருந்தே 1999-இல் ஒரு இசைத்தொகுப்பு வந்தது. புகையிலை உலர்த்தும் கொட்டகையே அவர்களுக்கு ஒலிப்பதிவுக் கூடமாயிற்று. ஒருவர் வயலில் மற்றவர் உழைத்துக் கொடுத்து, பின்பு அதே உழைப்பைத் திரும்பப் பெறும் உழவர் வழக்கத்தின் பெயரையே குழுவுக்கும் சூட்டியிருந்தார்கள். சுவோனா என்னும் நாதசுவரத்தை ஒத்த ஊதுகருவியும் நிலா வடிவ யுவேசின் என்னும் நரம்புக்கருவியும் அந்தப் பாடல்களில் கிட்டாருக்கு இணையாக நிற்கின்றன; பழமையை நினைவூட்டும் அலங்காரமாக அல்ல. அணை கட்டப்படவே இல்லை.

அதே குழுவின் 2001-ஆம் ஆண்டுத் தொகுப்பு, நகரத்திலிருந்து ஊர் திரும்பி, இரவெல்லாம் விளக்கெரித்துச் சாமந்தி வளர்க்கும் ஓர் இளைஞனைப் பற்றியது. தென்கிழக்காசியாவிலிருந்து மணமாகி மெய்னோங்குக்கு வந்து எழுத்தறிவு வகுப்பில் பயின்ற பெண்களின் குரலும் அதில் இருக்கிறது. கடன், விளைபொருள் விலை, குடிபெயர்வு ஆகியவற்றை அறியாமல் இதைக் கிராமத்து அழகின் பாட்டு என்று கேட்பவர் அதன் பாதியைத் தவறவிடுகிறார்.

மொழியையே இசை வகையாகக் கொள்வதும் தவறுதான். 2007-இல் தைவானின் தங்க மெட்டு விருதுகளில் சிறந்த ஹக்கா பாடகர், சிறந்த ஹக்கா இசைத்தொகுப்பு ஆகிய இரண்டையும் வென்ற லின், இசையை மொழியால் அல்ல, இசை வகையால் பிரிக்க வேண்டும் என்று கூறி அவற்றை ஏற்க மறுத்தார். குவாங்டோங் மாகாணத்தின் லியன்பிங் ஊரிலிருந்து வந்து, ஹக்காவில் பாடி, 2019-இல் சீனத் தொலைக்காட்சிப் போட்டியொன்றின் வழியே நாடறிந்த ‘ஜியுலியன் ஜென்ரென்’ குழு டிரம்பெட் முழங்கும் ராக் இசைக் குழுவாகும். அதை நாட்டுப்புறப் பாடல் பட்டியலில் தேடினால் கிடைக்காது.