'கம் ஆஃப் ஏஜ்': அப்படியே தமிழில் போட்டால் வம்பு

மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இந்திய கிரிக்கெட் வயதுக்கு வந்தது" என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆங்கில மூலத்தில் இருந்தது 'கேம் ஆஃப் ஏஜ்' (came of age), அதாவது 'கம் ஆஃப் ஏஜ்' என்ற தொடரின் இறந்தகாலம்.

முதல் படி, நேர்ப்பொருள். சட்டப்படி மேஜர் ஆவதுதான் அது. ஆண், பெண் இருவருக்கும் பொது. நம் 'வயதுக்கு வருவது' பெண் பூப்படைவது. சொல் ஒன்றுபோல இருந்தாலும் சங்கதி வேறு. இங்கிலாந்தில் அந்த வயது வெகுகாலம் 21. 1969 சட்டத்தால், 1970 ஜனவரி 1 முதல் 18 ஆனது. ஆகவே பழைய ஆங்கில நாவலில் ஒரு பையன் 'கம்ஸ் ஆஃப் ஏஜ்' என்றால், 21 முடிந்து சொத்து அவன் கைக்கு வரப்போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, இலக்கணம். 'கம்' மட்டும்தான் காலத்துக்கேற்ப மாறும்: கம்ஸ், கேம், ஹேஸ் கம். 'ஆஃப்' இருக்கும் இடத்தில் 'டு' போடாதீர்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் இடைக்கோடு உண்டு: 'எ கமிங்-ஆஃப்-ஏஜ் ஸ்டோரி'. சிறுவனோ சிறுமியோ உலகம் புரிந்து பெரியவராகும் கதை.

மூன்றாவது படிதான் முக்கியம். செய்தித்தாளில் இது பெரும்பாலும் மனிதர்களுக்கு வராது. ஓர் அணிக்கோ தொழிலுக்கோ தொழில்நுட்பத்துக்கோ வரும். 1975, 1979 இரண்டு உலகக் கோப்பைகளிலும் சேர்த்து இந்தியா ஆடியது 6 ஆட்டம், ஜெயித்தது ஒன்று. அதுவும் கிழக்கு ஆப்பிரிக்காவிடம். அப்புறம் 1983 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை இறுதி ஆட்டம்: 183 ரன் மட்டும் எடுத்துவிட்டு, வெஸ்ட் இண்டீஸை 140-க்குச் சுருட்டியது. 'இந்தியன் கிரிக்கெட் கேம் ஆஃப் ஏஜ் இன் 1983' என்பது இதைத்தான். வெறும் வெற்றிக்கு இதைச் சொல்வதில்லை. சின்னப் பிள்ளையாக நினைத்திருந்த ஒன்று, பெரியவர்களுக்குச் சமமாக வந்து நிற்க வேண்டும். 1975, 1979 கோப்பைகளை வென்ற வெஸ்ட் இண்டீஸே 1983-லும் ஜெயித்திருந்தால் இந்தத் தொடருக்கு வேலையே இல்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'முழு முதிர்ச்சி அடைந்தது' தப்பில்லை, ஆனால் மாம்பழம் நினைவுக்கு வருகிறது. என் தேர்வு 'தலையெடுத்தது'. "பையன் தலையெடுத்துட்டான், இனி குடும்பத்தைப் பாத்துப்பான்" என்று வீட்டில் சொல்வோமே, அதே தலையெடுப்பு. சட்ட விஷயத்துக்கு மட்டும் 'மேஜர் ஆனான்' என்றே போடுங்கள். 18 முடிந்த அன்றைக்கே யார் தலையெடுக்கிறார்கள்?

என் பழைய வரியை இன்று எழுதினால்: "1983-இல் இந்திய கிரிக்கெட் தலையெடுத்தது."