பழைய மோட்டார் சைக்கிளின் ஆடும் ஹேண்டில்பாரைச் சரிசெய்தல்

சிங்கப்பூரில் உரிமைச் சான்றிதழின் (வண்டி வைத்திருக்க அரசு தரும் அனுமதியான COE) காலம் பாதிக்குமேல் கடந்த வண்டியை வாங்குவோர், விரைவுச்சாலையில் ஹேண்டில்பார் நடுங்குவதை உணர்ந்தால், முதலில் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய வேண்டும்.

நடுத் தாங்கியில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாதவாறு உயர்த்தி, ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்களின்) அடிப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் 'டக்' என்ற தட்டல் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் ஸ்டியரிங் பேரிங், அதாவது ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் சீராகத் திரும்ப உதவும் தாங்கி, தளர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புகையில் நடுவில் சிக்கிக்கொள்வது போலிருந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. அதை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

தளர்வு மட்டுமெனில், ஸ்டியரிங் தண்டின் மேல் நட்டைத் தளர்த்தி, உள்ளிருக்கும் வளைய நட்டைக் கொக்கி ஸ்பேனரால் சிறிது சிறிதாக இறுக்குங்கள். மேல் நட்டை மீண்டும் முறுக்கியதும் இறுக்கம் சற்றுக் கூடும் என்பதால், மறுபடி சோதிப்பது அவசியம். பலரும் தவறுவது இங்கேதான்.

பேரிங் நன்றாயிருந்து ஹேண்டில்பார் மட்டும் அசைந்தால், அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைக் கையேட்டின் அளவுப்படி டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் கருவியால்) முறுக்குங்கள். இரண்டும் சரியாக இருந்தும் நடுங்கினால், டயர் காற்றழுத்தத்தையும் சக்கரச் சமநிலையையும் பாருங்கள்.