பூஹுஸ் கோட்டையும் குங்கெல்வ் ஊரும்: குமரி மாவட்டத்திலிருந்து செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் காண நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து செல்லும் பெற்றோர் பலர், பேரக்குழந்தையுடனும் பக்கத்துப் பூங்காவுடனும் நாட்களைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்நகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், ஆற்றங்கரையில் அமைந்த குங்கெல்வ் என்னும் சிற்றூரும் அதன் முகப்பில் நிற்கும் பூஹுஸ் கோட்டையும் ஒரு முழு நாளைக் கொடுத்துப் பார்க்கத் தக்கவை. கோட்டையைப் படம் பிடித்துக்கொண்டு அரை நாளில் திரும்புவது பலரும் செய்வது; ஆற்றைப் பார்க்காமல் கோட்டையைப் பார்ப்பதில் பயனில்லை என்பது என் கருத்து.

வேனெர்ன் ஏரியிலிருந்து புறப்பட்டுக் கடலை நோக்கி வரும் யோத்தா ஆறு, இவ்வூருக்கு அருகே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தெற்கே கோத்தன்பர்க் துறைமுகத்துக்குச் செல்கிறது. நீரின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் நூர்ட்ரே என்னும் வட கிளை மேற்கே திரும்பிக் கடலில் கலக்கிறது. இந்தப் பிரிவை ஒட்டிய பாறைத் திட்டின் மீது நார்வே மன்னர் ஐந்தாம் ஹோகோன் 1308 இல் கோட்டை கட்டத் தொடங்கினார். இன்று சுவீடனுக்குள் இருக்கும் இப்பகுதி அப்போது நார்வேயின் தெற்கு எல்லை. வடக்கே நார்வே, தெற்கே டென்மார்க் என்று இருபுறமும் அடைபட்ட சுவீடனுக்கு மேற்குக் கடலை எட்ட இந்த ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஒடுங்கிய நிலம் மட்டுமே இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், 14 முறை முற்றுகையிடப்பட்டும் ஒருமுறை கூடப் பிடிபடாத கோட்டை என்று அங்கே பெருமையாகச் சொல்லப்படுவதன் காரணம் விளங்கும். கடைசியில் அது போரில் அன்றி, டென்மார்க்–நார்வே அரசுடன் 1658 இல் செய்துகொண்ட ரோஸ்கில்டே உடன்படிக்கையின் வழியாகவே சுவீடனின் கைக்கு வந்தது.

புறப்படும் முன் ஒரு நாள் புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குச் சென்று வருமாறு பரிந்துரைக்கிறேன். குளச்சல் போரில் தோற்றுப் பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான டச்சுத் தளபதி டிலனாய் அடக்கம் செய்யப்பட்ட அந்தக் கோட்டையில், மதில் மலையை எப்படி வளைத்துச் செல்கிறது, வாயில் எந்தத் திசையை நோக்குகிறது என்று கவனித்துப் பழகிய கண்ணுக்கு, பூஹுஸ் கோட்டையின் இடிந்த சுவர்களும் பேசத் தொடங்கும்.

செல்வதற்கு உகந்த காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அப்போதுதான் கோட்டையின் உட்பகுதி நாள்தோறும் திறந்திருக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நேரம் குறையும் என்பதால் கோட்டையின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஜூன் இறுதியில் இரவு பத்து மணிக்கு மேல்தான் சூரியன் மறையும்; டிசம்பரிலோ பிற்பகல் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். கோடையிலும் வெப்பம் 20 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்பதாலும், ஆற்றுக் காற்று மேலே பலமாக வீசுவதாலும், மழைக்கும் காற்றுக்கும் தாங்கும் ஒரு மேலாடை கட்டாயம் தேவை. ஜூன் 19க்கும் 25க்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமை, அதாவது நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தைய நாள், அந்நாடே விடுமுறையில் இருக்கும். அன்று இப்பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சுவீடனுக்கும் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களாவது முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி, கோடைக் கூட்டத்தை எண்ணினால் இரண்டு மூன்று மாதம் முன்பே கொடுப்பது நல்லது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும், பிள்ளைகளின் அழைப்புக் கடிதமும் சேர்க்கப்பட வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா நகரம் ஒன்றின் வழியாக ஐரோப்பாவை அடைந்து, அங்கிருந்து கோத்தன்பர்க் செல்வது நம் மாவட்டத்தாருக்கு எளிய வழி.

கோத்தன்பர்க்கின் நடுவிலுள்ள நில்ஸ் எரிக்சன் பேருந்து நிலையத்திலிருந்து குங்கெல்வுக்கு அடிக்கடி பேருந்து உண்டு. பயணம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பேருந்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். அப்பகுதிப் பொதுப் போக்குவரத்தை நடத்தும் வெஸ்ட்டிராஃபிக் நிறுவனத்தின் செயலியிலோ, நிலையத்துக் கடைகளிலோ முன்கூட்டியே பயணச்சீட்டு எடுத்துக்கொள்வது நல்லது. பொதுவாகவே அந்நாட்டில் நோட்டை நீட்டினால் கடைக்காரர் விழிப்பார். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்துவிடப்பட்ட வங்கி அட்டை கையில் இருக்கட்டும்.

இறங்கியதும் நேரே கோட்டைக்குப் போங்கள். கல் பாவிய ஏற்றம் மேடு பள்ளமாக இருப்பதால், முழங்கால் வலியுள்ளவர்கள் கைத்தடியும் பிடிப்புள்ள காலணியும் கொண்டு செல்வது நலம். உள்ளே முதலில் ஏற வேண்டியது, ‘தந்தையின் தொப்பி’ என்று அவர்கள் அழைக்கும் உருண்டையான பெரிய கோபுரம். அதன் சுவரின் கனம் உள்ளே நுழையும்போதுதான் உறைக்கும். வெளியே கோடை வெளிச்சம் கண்ணைக் கூசினாலும் படிகளில் இருட்டும் குளிர்ச்சியுமாக இருக்கும். மேலிருந்து ஆறும் அது சூழ்ந்த பாறையும் ஊரும் ஒரே பார்வையில் அகப்படும். 1566 இல் சுவீடன் படையினர் இக்கோட்டையின் வேறொரு கோபுரத்தைத் தாக்கிப் பிடித்தபோது, உள்ளிருந்தவர்கள் வெடிமருந்து வைத்து அக்கோபுரத்தையே அவர்களோடு சேர்த்துத் தகர்த்தார்கள். பிற்காலத்தில் கோட்டை சிறையாகவும் பயன்பட்டது. சமயக் கருத்துக்காகத் தண்டிக்கப்பட்ட தோமாஸ் லியோபோல்ட் 32 ஆண்டுகள் இங்கே அடைபட்டிருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டை கைவிடப்பட்டதும், சுற்றுவட்டாரத்தார் தங்கள் கட்டடங்களுக்குக் கல்லைப் பெயர்த்துச் சென்றார்கள். இன்று காணும் சிதைவில் பீரங்கிக்குரிய பங்கும் உண்டு, கடப்பாரைக்குரிய பங்கும் உண்டு.

பிறகு ஆற்றைக் கடந்து ஊருக்குள் நடக்கலாம். ஊரின் முன்னோடியான குங்கஹெல்லா சற்று மேற்கே இருந்தது. 1101 இல் நார்வே, சுவீடன், டென்மார்க் மன்னர்கள் மூவரும் சந்தித்து அமைதி பேசிய இடம் அது. பதினேழாம் நூற்றாண்டில் போரும் தீயும் விரட்ட, ஊர் கோட்டையை ஒட்டி இடம்பெயர்ந்து, கடைசியில் இன்றைய இடத்தில் நிலைத்தது. பழைய தெருவில் வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை பூசிய தாழ்ந்த மர வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் மக்கள் வாழ்கிறார்கள். சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதும் வாசலில் அமர்ந்து படம் எடுப்பதும் வேண்டாம். 1679 ஆம் ஆண்டைச் சேர்ந்த மரத் தேவாலயம் திறந்திருந்தால், உள்ளே சென்று கூரையின் அடிப்புறத்தில் தீட்டப்பட்ட ஓவியங்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஊருக்குப் பின்னால் எழும் ஃபொந்தின் குன்றில் காட்டுப் பாதை உண்டு. நடக்க இயன்றவர்கள் அங்கே ஏறலாம்.

வார நாட்களில் மதிய உணவுக்குக் குறைந்த விலைத் தட்டு பதினொன்றரை முதல் ஒன்றரை மணி வரைதான் கிடைக்கும் என்பதால், நம் ஊர் வழக்கப்படி இரண்டு மணிக்குப் போய் நின்றால் ஏமாற்றமே. மீன் பழகியவர்களுக்கு ரொட்டி மேல் இறால் அடுக்கிய தட்டு பிடிக்கும்; சைவர்கள் ‘வெகெத்தாரிஸ்க்’ என்று கேட்டால் போதும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். புட்டி வாங்கிக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

இன்னொரு நாள் கையில் இருந்தால், குங்கெல்வ் நகராட்சியைச் சேர்ந்த மார்ஸ்ட்ராண்ட் தீவுக்குப் போகலாம். 1658க்குப் பின் சுவீடன் கட்டிய கார்ல்ஸ்டென் கோட்டை அங்கே உள்ளது. பேருந்து கரை வரைதான் செல்லும். தீவுக்குச் சில நிமிடப் படகுப் பயணம். இரண்டையும் ஒரே நாளில் அடக்க முயன்றால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.