ஸ்லீவ் அறுவைக்குப் பின்: பதின்வயதுப் பிள்ளையின் சாப்பாடும் மாத்திரையும்

கடும் உடல்பருமன் உள்ளவர்களுக்கு 13 வயதிலிருந்தே எடை குறைக்கும் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2023 வழிகாட்டுதல். தோராயமாகச் சொன்னால், பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 35-ஐத் தாண்டி, கூடவே சர்க்கரை நோயோ தூக்கத்தில் மூச்சுத் தடையோ இருக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் அவை இல்லாமலும் பரிசீலிப்பார்கள். இந்த வயதில் அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். எடுத்தது எடுத்ததுதான்.

முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். 30 மி.லி. மருந்துக் கப்பில் ஊற்றி, கால் மணி நேரத்துக்கு ஒரு கப் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். விழித்திருக்கும் நேரம் முழுக்க இப்படிக் குடித்தால்தான் ஒன்றரை லிட்டர் சேரும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் உடம்பில் நீர் வற்றி மறுபடி ஆஸ்பத்திரிதான். சோடா, குளிர்பானம் கூடாது.

நம் வீடுகளில் சறுக்கும் இடம் கஞ்சி. நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். கஞ்சியில் அது பேருக்குத்தான். பருப்புத் தண்ணீரும் அப்படியே, பருப்பு அடியிலேயே தங்கிவிடுகிறது. கொழுப்பு நீக்கிய பாலில் டயட்டீஷியன் சொன்ன புரதப் பொடியைக் கலந்து கொடுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து மசித்த முட்டை, பருப்பு மசியல், முள் நீக்கிய மீன். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் வழக்கமான சாப்பாட்டுக்கு வரலாம். அப்போதும் தட்டில் புரதத்துக்கே முதலிடம்: ஒரு முட்டையில் 6 கிராம், இரண்டு இட்லியில் சுமார் 4. முதலில் இட்லியை முடித்தால் முட்டைக்கு வயிற்றில் இடமிருக்காது.

சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி கழியட்டும். நெஞ்சுக்குழியில் அழுத்தம், விக்கல், திடீரென்று மூக்கு ஒழுகுதல் எல்லாம் வயிறு நிறைந்ததற்கான அடையாளம். அதற்குமேல் பாட்டி ஊட்டும் "இன்னும் ஒரு வாய்" வாந்தியாகத்தான் வெளியே வரும்.

மல்டிவிட்டமின், பி12, டி, கால்சியம், இரும்பு ஆகிய மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. கால்சியம் சிட்ரேட் நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி.; ஒரே வேளையில் போட்டால் முழுதாக உறிஞ்சாது, 500-ஆகப் பிரியுங்கள். இரும்புக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. மாதவிடாய் வரும் பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மி.கி. எடை நன்றாக இறங்கி, "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்று தோன்றும்போதுதான் பிள்ளைகள் மாத்திரையை நிறுத்துகிறார்கள். போட்டாயா என்று கேட்டு நச்சரிப்பதைவிட, ஞாயிறுதோறும் டப்பாவைத் திறந்து எண்ணிவிடுவது மேல்.

முதல் சில வாரங்களில் காய்ச்சல், நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டும் நாடித்துடிப்பு, இடது தோள்பட்டை வலி வந்தால் தையலில் கசிவு இருக்கலாம். அன்றே அறுவை செய்த இடத்துக்குப் போங்கள். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் தயமின் (வைட்டமின் பி1) சத்து தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம்: பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏற்றப் போனால், அதற்கு முன் தயமின் ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகும்.

எடை குறைந்ததும் ஒழுங்கற்ற மாதவிடாய் சீராகி, கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும். அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் கூடாது. இளம்பெண்களிடம் இதை அறுவைக்கு முன்பே மருத்துவர் தனியாகப் பேசிவிட வேண்டும், அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு.